கோள்களை உண்பவன் எவ்வளவு வலியவன்?

இருவருள் வலியவர் யார் என்ற கேள்வி, இளைஞர் நால்வர் கூடிய இடத்தில் எழாமல் இருப்பது அரிது. மற்போர் வீரரைப் பற்றி எழும். பந்தாட்டக்காரரைப் பற்றி எழும். கதைகளில் வரும் கற்பனை மாந்தரைப் பற்றியும் எழும். கடைசியாகச் சொன்னதைப் பெரியோர் வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். பௌதிகம் கற்பிப்பவனாகிய நான் அப்படி ஒதுக்குவதில்லை. மாணவர் தாமாகவே சான்று தேடி, எதிராளியின் சான்றை மறுத்து, உண்ணும் வேளையையும் மறந்து வாதாடுகின்ற பொருள் ஒன்று உண்டென்றால், அதைக் காது கொடுத்துக் கேட்பதே ஆசிரியனுக்கு அழகு.

அவ்வகை வாதங்களுள் இன்று நான் எடுத்துக்கொண்டது அமெரிக்கச் சித்திரக் கதைகளில் வரும் கேலக்டஸ் என்னும் வில்லனைப் பற்றியது. அவன் ஊரைக் கொள்ளையிடுபவன் அல்லன்; நாட்டைப் பிடிக்க வருபவனும் அல்லன். அவனுக்குப் பசி. உயிர் வாழ்வதற்குத் தகுந்த கோள்களே அவன் உணவு. ஒரு கோளை உண்டு முடித்தால் அடுத்த கோளைத் தேடிப் புறப்படுவான். அவனை யாரால் வெல்ல முடியும், அவனுடைய ஆற்றலின் எல்லை எது என்பதைப் பற்றி அரை நூற்றாண்டுக்கு மேலாக வாசகர்கள் வழக்காடி வருகின்றனர்.

முதற்கண் கதையைச் சொல்லிவிடுகிறேன். நியூயார்க் நகரத்து மார்வெல் நிறுவனம் 1961ஆம் ஆண்டில் ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ என்னும் சித்திரக் கதை ஏட்டைத் தொடங்கிற்று. அற்புத ஆற்றல் வாய்ந்த நால்வரின் கதை அது. எழுதியவர் ஸ்டான் லீ. வரைந்தவர் ஜாக் கிர்பி. அந்த ஏட்டின் 48, 49, 50ஆம் இதழ்களில், 1966ஆம் ஆண்டில், கேலக்டஸ் முதன்முதலாகத் தோன்றினான். அவனுக்கு முன்னே, வெள்ளி வார்த்தாற்போன்ற உடலுடன், அலைமேல் சறுக்கும் பலகை ஒன்றின்மீது நின்று விண்ணைக் கடந்துவந்தான் அவனுடைய தூதன் சில்வர் சர்ஃபர். தலைவனுக்கு ஏற்ற உலகைக் கண்டுபிடித்துச் சொல்வதே தூதன் வேலை. அவன் கண்டுபிடித்தது நம் பூமி.

நால்வரும் தம் ஆற்றலையெல்லாம் திரட்டி எதிர்க்கின்றனர். கேலக்டஸ் அவர்களைப் பொருட்படுத்தவேயில்லை; மேலே மொய்க்கும் கொசுவைப் போலவே கருதுகிறான். பின் பூமி எப்படிப் பிழைத்தது? இரண்டு வழிகளால். கண் பார்வையற்ற சிற்பியாகிய அலீசியா மாஸ்டர்ஸ் என்னும் பெண், தூதனிடம் மனித உயிர்களின் அருமையை எடுத்துச் சொல்லி அவன் நெஞ்சை மாற்றுகிறாள். அவன் தன் தலைவனையே எதிர்க்கத் துணிகிறான். மற்றொரு புறம், பிரபஞ்சத்தைக் கண்காணிக்கும் வாச்சர் என்னும் பேரறிவாளன் காட்டிய வழியில், நால்வருள் ஒருவனான ஜானி ஸ்டார்ம் கேலக்டஸின் கலத்துக்குள் புகுந்து ‘அல்டிமேட் நல்லிஃபயர்’ என்னும் சிறு கருவியைக் கொண்டுவருகிறான். உள்ளங்கையில் அடங்கும் பொருள்தான். ஆனால் அது எதையும் இல்லாமற் செய்யவல்லது. நால்வரின் தலைவனான விஞ்ஞானி ரீட் ரிச்சர்ட்ஸ் அதைக் கையில் பிடித்து நின்றதும், கேலக்டஸ் உடன்பாட்டுக்கு வருகிறான். கருவியைத் திரும்பப் பெற்றுக்கொண்டு போய்விடுகிறான். போகும்போது, துரோகம் செய்த தூதன் இனி விண்வெளியில் உலவ முடியாதபடி பூமியிலேயே சிறைவைத்துச் செல்கிறான்.

இவ்வளவே மூலக் கதை. வாதம் இங்கேதான் தொடங்குகிறது. நால்வர் கேலக்டஸை வென்றார்களா? வென்றார்கள் என்பார் ஒரு கட்சியினர். மிரட்டினார்களேயன்றி வெல்லவில்லை என்பார் மறு கட்சியினர். நான் இரண்டாம் கட்சியைச் சேர்ந்தவன். அவனுடைய வீட்டிலிருந்தே எடுத்துவந்த கருவியைக் காட்டி அவனை விலக்கியது பூமியிலுள்ளோர் வலிமைக்குச் சான்றாகாது. அவனிலும் வலிய பொருள் ஒன்று உண்டு என்பதற்கே சான்றாகும்.

இத்தகைய வாதங்களில் சான்று என்று எதைக் கொள்வது? இதில்தான் மாணவர்க்குப் பயன்படும் சுவை இருக்கிறது. ஒரு பாத்திரம் கதையில் நம் கண்முன் செய்துகாட்டிய செயல் முதல்தரமான சான்று. பிறர் அவனைப் பற்றிப் புகழ்ந்தோ அஞ்சியோ சொல்வது இரண்டாம் தரம், அஞ்சியவன் மிகைப்படுத்தக்கூடும். அவனே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது மூன்றாம் தரம். வில்லன்கள் தற்புகழ்ச்சியில் சிக்கனம் பார்ப்பதில்லை அல்லவா? இவற்றுக்கு அப்பால், கதைக்கு வெளியே பதிப்பாளரே வெளியிடும் கையேடு ஒன்றும் உண்டு. மார்வெல் நிறுவனம் 1983ஆம் ஆண்டில் தன் பாத்திரங்கள் அனைவரையும் அகரவரிசைப்படுத்தி அத்தகைய கையேடு ஒன்றை வெளியிடத் தொடங்கிற்று. மார்க் குரூன்வால்ட் என்பவர் அதற்கு முன்னின்றார். எந்தப் பாத்திரம் எத்தனை டன் எடையைத் தூக்கும் என்று வகுப்புப் பிரித்து அதில் குறித்தனர். மேல் வகுப்புக்கு ‘நூறாம் வகுப்பு’ என்று பெயர். கேலக்டஸின் உயரம் 28 அடி 9 அங்குலம் என்றும் அதில் கணக்குக் கொடுத்தனர். கோளையே விழுங்குபவனுக்கு அங்குலக் கணக்கு! எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆயினும் வாசகர் விரும்பிக் கேட்டது அந்தக் கணக்கையே என்பதை மறுப்பதற்கில்லை.

சான்றுகள் ஒன்றோடொன்று முரணும்போது என்ன செய்வது என்பது அடுத்த தொல்லை. 1982ஆம் ஆண்டில் ஜான் பர்ன் என்பவர் அதே ஏட்டை எழுதியும் வரைந்தும் வந்தார். அவர் படைத்த கதையில், பசியால் நலிந்த கேலக்டஸைப் பூமியின் வீரர்கள் கூடித் தாக்கி நியூயார்க் நகரத்திலேயே வீழ்த்திவிடுகின்றனர். 1984ஆம் ஆண்டில் தொடங்கிய ‘சீக்ரெட் வார்ஸ்’ என்னும் தொடரில், டாக்டர் டூம் என்னும் மனித வில்லன் அவனுடைய ஆற்றலையே கவர்ந்துகொள்கிறான். 1991ஆம் ஆண்டில் ஜிம் ஸ்டார்லின் எழுதிய ‘இன்ஃபினிட்டி காண்ட்லெட்’ என்னும் கதையில், ஆறு மணிகள் பதித்த கையுறையை அணிந்த தானோஸ் என்பவன், கேலக்டஸ் உள்ளிட்ட விண்வெளிப் பெருந்தெய்வங்கள் பலரையும் ஒருங்கே அடக்கிவிடுகிறான்.

கேலக்டஸ் கட்சியினர் இதற்கெல்லாம் ஒரே விடை வைத்திருக்கின்றனர்: அன்று அவன் பசியோடிருந்தான். வயிறு நிறைந்திருந்தால் கதையே வேறு என்பர். இது கேட்பதற்கு நியாயமாகவே இருக்கும். 1982ஆம் ஆண்டுக் கதையைப் பொறுத்தவரை கதையே அவன் நலிவைச் சொல்கிறது. ஆகவே அங்கே அவ்விடை செல்லும். ஆனால் எந்தத் தோல்விக்கும் பசியையே காரணமாகக் காட்டுவோமானால், எந்தச் சான்றாலும் அசைக்க முடியாத கொள்கை ஒன்றைக் கட்டிவிடுகிறோம். வென்றால் அவன் வலியவன். தோற்றால் அவன் பசித்தவன். இப்படி இரண்டு பக்கமும் தனக்கே சாதகமாகப் பேசும் கொள்கையை விஞ்ஞானம் ஏற்பதில்லை. எந்தச் செய்தி கிடைத்தால் தன் கொள்கை பொய்யாகும் என்று முன்கூட்டியே சொல்லத் துணிபவனே சோதனைக்குத் தகுந்தவன். தோற்ற நாளில் அவன் பசித்திருந்தான் என்பதைக் கதையின் படமோ சொல்லோ காட்ட வேண்டும். வாசகன் தன் கற்பனையிலிருந்து பசியைக் கடன் கொடுத்தல் ஆகாது.

தானோஸ் கட்சியினரையும் நான் விடுவதாக இல்லை. அன்று வென்றது தானோஸா, கையுறையா? அந்தக் கதையிலேயே விடை இருக்கிறது. தானோஸ் உயிருக்கும் சாவுக்கும் இடையே நிறுத்தி வதைத்துவைத்த நெபுலா என்னும் பெண், ஒரு கணத்தில் அக்கையுறையைப் பறித்துக்கொள்கிறாள். உடனே வலிமை முழுதும் அவளிடம் போய்விடுகிறது. எழுந்து நிற்கவும் இயலாதவளை ஒரு நொடியில் எல்லாம் வல்லவளாக்கும் பொருள், அதற்கு முன் அணிந்திருந்தவனின் தனி ஆற்றலைப் பற்றி நமக்கு எதையும் சொல்வதில்லை.

இனிச் சிறிது கணக்குப் பார்ப்போம். கேலக்டஸின் ஆற்றலை அளக்க முயல்வோர் பெரும்பாலும் பூமியைத் தகர்க்க எவ்வளவு சக்தி வேண்டும் என்று தொடங்குவர். பூமியின் ஒவ்வொரு துணுக்கையும் மற்றத் துணுக்குகள் ஈர்ப்பு விசையால் இழுத்துக்கொண்டிருக்கின்றன. அந்தப் பிணைப்பை முற்றிலும் அறுத்து, எல்லாவற்றையும் திரும்பச் சேராதபடி சிதறடிப்பதற்கு ஏறக்குறைய 2.5-ஐப் பத்தின் 32ஆம் அடுக்கால் பெருக்கிய அளவு ஜூல் சக்தி தேவை. இவ்வெண் மனத்தில் பதியாது. வேறு விதமாகச் சொல்கிறேன். 1961ஆம் ஆண்டில் சோவியத் ரஷ்யா வெடித்துப் பார்த்த மாபெரும் ஹைட்ரஜன் குண்டு சுமார் 50 மெகாடன் ஆற்றல் உடையது. மனிதன் வெடித்த குண்டுகளில் அதனிலும் பெரிது இல்லை. அத்தகைய குண்டுகள் ஏறக்குறைய 1,200 லட்சம் கோடி இருந்தால் பூமியைச் சிதறடிக்கலாம். நம் சூரியனோ, அதே சக்தியை ஏழரை நாளில் ஒளியாகவும் வெப்பமாகவும் கொட்டிவிடுகிறது. ஆக, ஒரு நட்சத்திரத்தின் ஒரு வாரத்து உழைப்பே ஒரு கோளின் அழிவு.

ஆனால் கேலக்டஸ் பூமியைத் தகர்க்கிறானா? இல்லை, உண்கிறான். அவன் உண்டபின் கோள் உயிரற்ற ஓடாகக் கிடக்கிறது. எனவே மேற்கண்ட கணக்கு, நுட்பமாகப் பார்த்தால், வேறொரு செயலுக்கு உரியது. இதை மறந்துவிட்டு அந்தப் பெரிய எண்ணை அவன் பெயரில் எழுதுவது, கிணற்று நீரைக் குடித்தவனுக்குக் கிணற்றைச் சுமந்த வலிமையைக் கொடுப்பது போலாகும்.

உண்பது எதை? பூமியின் வயிற்றிலுள்ள வெப்பத்தை என்று கொள்வோம். அது ஏறக்குறையப் பத்தின் 31ஆம் அடுக்கு ஜூல். சூரியனுடைய ஏழு மணி நேரத்து உற்பத்தி. உயிர்களை மட்டும் உண்கிறான் என்று கொள்வோம். பூமியின் உயிர்ப்பொருள் அனைத்திலும் உள்ள கரியின் எடை சுமார் 55,000 கோடி டன் என்று 2018ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி மதிப்பிட்டது. காடுகள், கடல்வாழ் உயிர்கள், நுண்ணுயிர்கள், நாம் எல்லோரும் அதில் அடக்கம். அவ்வளவையும் எரித்தால் கிடைக்கும் சக்தியைச் சூரியன் ஒரு விநாடியின் பதினாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில் கொடுத்துவிடுகிறது. யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பது இதற்கே தகும்! சக்தி ஒன்றே அவன் தேவையானால், கோள் கோளாகத் தேடி அலைய வேண்டியதில்லை. ஏதேனும் ஒரு நட்சத்திரத்தின் அருகே சென்று உட்கார்ந்துகொண்டால் போதும்.

இந்த இடத்தில் மாணவர் சிலர், எழுதியவர்களுக்குப் பௌதிகம் தெரியாது என்று தீர்ப்புச் சொல்லிவிடுவர். எனக்கு அத்தீர்ப்பில் மனமில்லை. உயிர்க்கு இடந்தரும் கோளைத்தான் அவன் உண்பான் என்று கதை மீண்டும் மீண்டும் சொல்கிறது. அவன் உணவு ஜூல் கணக்கில் அடங்குவதன்று என்பதே அதன் பொருள். ஆகவே ஜூல் கணக்கால் அவனை அளப்பது, இசையை நிறுத்துப் பார்ப்பது போன்றது. கணக்குப் பயனற்றது என்று சொல்லவில்லை. எந்தக் கேள்விக்கு அது விடை தரும், எந்தக் கேள்விக்குத் தராது என்பதைக் கணக்கே காட்டிக்கொடுக்கிறது என்கிறேன்.

எழுதியவர்களைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்ல வேண்டும். அக்காலத்து மார்வெல் நிறுவனத்தில் கதைச் சுருக்கத்தைப் பேசி முடித்தபின் ஓவியரே பக்கங்களை வரைந்துவிடுவார்; உரையாடலைப் பின்னால் எழுதிச் சேர்ப்பர். கேலக்டஸ் கதையின் பக்கங்கள் வரைந்து வந்தபோது, பலகைமேல் பறக்கும் வெள்ளி மனிதன் ஒருவனைக் கண்டு லீ வியந்தார். பேசி முடித்த கதையில் அவன் இல்லை. இவ்வளவு பெரியவனுக்கு ஒரு தூதன் வேண்டும் என்று கிர்பி தாமே சேர்த்துவிட்டார். கேலக்டஸின் பெருமையை நமக்கு உணர்த்துவது அவனுடைய முட்டிவலிமை அன்று; அவனுக்கு முன்னே வரும் அந்தத் தூதனே. தூதனே இவ்வளவு வலியவன் என்றால் தலைவன் எப்படிப்பட்டவன் என்று வாசகன் தானே கணக்குப் போட்டுக்கொள்கிறான். ஓவியர் கண்ட அளவுகோல் இது. கையேட்டின் அங்குலக் கணக்கைவிட இதையே நான் நம்புவேன்.

யார் வெல்வார் என்று கேட்ட வாசகர்களுக்கு, எழுதுபவன் யாரை வெல்லச் செய்ய நினைக்கிறானோ அவனே வெல்வான் என்ற கருத்தில் லீ பலமுறை விடை சொன்னார். உண்மைதான். மாதந்தோறும் வெளிவரும் ஏட்டில் பூமி அழிந்துபோனால் அடுத்த மாதம் கதை இல்லை. கேலக்டஸ் தோற்றேயாக வேண்டும்; ஆனால் தோற்பது தெரியாமல் தோற்க வேண்டும். ஆயினும் இவ்விடையால் வாசகன் நிறைவடைவதில்லை. அவன் கேட்பது ஆசிரியரின் விருப்பத்தை அன்று. அந்தக் கற்பனை உலகின் நியதியை. சதுரங்கத்தில் குதிரை ஏன் அப்படிப் பாய்கிறது என்பதற்கு யாரோ விதித்தார் என்பதே விடை. எனினும் விதித்தபின் அதைக் கடைப்பிடிக்க வேண்டும் என்று எதிரில் அமர்ந்து ஆடுபவன் கோருவதில் தவறில்லை.

இதுவரை வலிமையைப் பற்றிப் பேசினோம். வலிமை வாதத்துக்குள்ளே வேறொரு வழக்கு ஒளிந்திருக்கிறது. அது ஜான் பர்னின் கதையில் வெளிப்பட்டது. வீழ்ந்து கிடந்த கேலக்டஸைச் சாகவிடாமல் ரீட் ரிச்சர்ட்ஸ் காப்பாற்றினான் அல்லவா? பிழைத்தெழுந்த கேலக்டஸ், 1983ஆம் ஆண்டில் வந்த இதழில், ஸ்க்ரல் என்னும் இனத்தாரின் தலைமைக் கோளையே உண்டுவிடுகிறான். அதில் வாழ்ந்தோர் மாண்டனர். அந்த உயிர்களுக்கு யார் பொறுப்பு? உலகை இழந்த பல இனத்தாரும் கூடி ரிச்சர்ட்ஸைப் பிடித்துக் குற்றக்கூண்டில் நிறுத்துகின்றனர். 1984ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வந்த 262ஆம் இதழ் அந்த விசாரணையைச் சொல்வது. அதில் ஆசிரியர் பர்னே ஒரு பாத்திரமாக வந்து நடப்பதைக் காண்கிறார்.

வாதி கட்சி எளியது: கொலைகாரனைக் காப்பாற்றியவன் கொலைக்கு உடந்தை. பிரதிவாதி கட்சி சொல்வது, கேலக்டஸ் கொலைகாரனே அல்லன். புயலும் கொள்ளைநோயும் போலப் பிரபஞ்சத்தின் ஓர் இயல்பு என்பது. இந்தக் கட்சிக்குத் துணையாக அவன் பிறப்புக் கதையும் உண்டு. 1969ஆம் ஆண்டில் ‘தோர்’ என்னும் ஏட்டில் லீயும் கிர்பியும் அதைச் சொன்னார்கள். நம் பிரபஞ்சம் பிறப்பதற்கு முன்னிருந்த பிரபஞ்சத்தில் டா என்னும் உலகில் கேலன் என்ற மனிதனாக வாழ்ந்தவன் அவன். அது அழிந்தபோது எஞ்சி, புதிய பிரபஞ்சத்தில் கேலக்டஸாக எழுந்தவன். விசாரணையின் முடிவில், பிரபஞ்சமே உருவெடுத்து வந்தாற்போன்ற எடர்னிட்டி என்னும் ஆற்றல் தோன்றி, கூடியிருந்தோர் மனத்தில் கேலக்டஸ் இன்றியமையாதவன் என்ற உணர்வை நேரடியாக விதைத்துவிடுகிறது. வழக்கு முடிகிறது.

கதை அழகாக இருக்கிறது. தீர்ப்பு எனக்கு உடன்பாடன்று. சாட்சி சொல்ல வேண்டியவன் நீதிபதியின் மனத்துக்குள்ளேயே புகுந்து உடன்படச் செய்வது வாதம் ஆகாது. ஏன் இன்றியமையாதவன் என்பதற்குரிய காரணம் கூடியிருந்தோர்க்கு உணர்வாகக் கிடைத்தது; படிக்கும் நமக்குச் சொல்லாகக்கூடக் கிடைக்கவில்லை. ஆற்றலின் அளவு பற்றிய வாதம் இங்கேதான் கூர்மை பெறுகிறது. அளவிறந்த வலிமை உடையவன் என்று அவனை உயர்த்திக்கொண்டே போகிறவர்கள், ஒரு நிலைக்கு அப்பால் அவனை இயற்கையாக்கிவிடுகின்றனர். இயற்கையைக் கூண்டில் ஏற்ற முடியாது. வலிமை ஏற ஏறப் பொறுப்புக் குறைந்துகொண்டே போகும் விசித்திரக் கணக்கு அது. கதைக்கு வெளியிலும் இந்தக் கணக்கைப் போடுவோர் உண்டு.

நான் வாதி கட்சியில் நிற்பதற்கு ஒரு சான்று வைத்திருக்கிறேன். 1968ஆம் ஆண்டில் சில்வர் சர்ஃபருக்கென்று தனி ஏடு வந்தது. எழுதியவர் லீ, வரைந்தவர் ஜான் புஸீமா. அவனைப் படைத்த கிர்பிக்கு அந்த வேலை கிடைக்கவில்லை என்பது ஒரு வருத்தமான செய்தி. அதன் முதல் இதழில் தூதனின் முன்கதை வருகிறது. ஸென்-லா என்னும் உலகத்து நாரின் ராட் என்ற இளைஞன், தன் உலகை உண்ண வந்த கேலக்டஸிடம் சென்று, இதை விட்டுவிடு, நான் உனக்குத் தூதனாகிறேன் என்று வேண்டுகிறான். கேலக்டஸ் யோசிக்கிறான், இசைகிறான், அந்த உலகை விட்டுவிடுகிறான். 1966ஆம் ஆண்டுக் கதையிலும் கருவிக்கு ஈடாகப் பூமியை விட்டான். கொடுத்த சொல்லைக் காத்தான். புயல் பேரம் பேசுவதில்லை. கொள்ளைநோய் வாக்குக் கொடுப்பதில்லை.

திரைப்படம் எடுத்தோரும் இந்த இரண்டு கட்சிக்கு இடையே ஊசலாடியிருக்கின்றனர். 2007ஆம் ஆண்டில் வெளிவந்த படத்தில் கேலக்டஸை உருவமற்ற ஒரு மாபெரும் மேகமாகக் காட்டினர். வாசகர் பலர் வெகுண்டனர். எங்கள் வில்லனின் உயரத்தைக் குறைத்துவிட்டீர்கள் என்பது அவர்கள் புகார் அன்று. மேகம் அவனிலும் எத்தனையோ மடங்கு பெரிது. முகம் இல்லாதவனோடு யார் வழக்காடுவது என்பதே அவர்கள் குறை. 2025ஆம் ஆண்டில் வந்த படத்தில் அவனுக்கு மீண்டும் முகமும் குரலும் கிடைத்தன. அதில் அவன் பூமியை விட்டுவிட ஒரு விலை கேட்கிறான்: ரீட் ரிச்சர்ட்ஸுக்குப் பிறக்கவிருக்கும் குழந்தை.